பனியை எந்தப் பக்கம் தள்ளுவது

அன்புள்ள சோல்வே,

புல்லுக்கு வருகிற நோய்களிலேயே பனிப்பூஞ்சைதான் மரியாதை தெரிந்தது. கோடையில் வருகிற நோய்கள் ஊரார் பார்க்க, நட்டநடு வெயிலில் மானத்தை வாங்கும். இது அப்படியில்லை. நவம்பரில் பனிக்கு அடியில் சத்தமில்லாமல் குடியேறும். ஐந்து மாதம் யாருக்கும் தொந்தரவு கொடுக்காது. ஏப்ரலில் பனி உருகும்போது, தான் படுத்திருந்த இடத்தை மட்டும் வட்ட வட்டமாக நரைத்த பாய்போல விட்டுவிட்டுப் போய்விடும். எங்கள் மின்னசோட்டாக்காரர்களின் சுபாவத்தை யாரோ அதற்குச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

போன செவ்வாய்க்கிழமை அஞ்சல் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றபடி நீ ஒன்று கேட்டாய்.

"அங்கிள், அப்பா மூணு வருஷமா வரேன் வரேன்னு சொல்லிட்டு ஏன் டூசானுக்கு வரவே இல்ல? உங்களுக்குத் தெரியாம இருக்காது."

நான் வானத்தைப் பார்த்துவிட்டு, வியாழக்கிழமை பனி வரும் போலிருக்கிறது என்றேன். எங்கள் ஊரில் அது ஒரு பதில்தான். ஆனால் நீ இருபது வருஷம் அரிசோனாவில், அந்த டூசானில் இருந்துவிட்டவள். கேள்வி கேட்டால் அதற்கான பதிலே வரவேண்டும் என்று எதிர்பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

என் தகுதியை முதலில் சொல்லிவிடுகிறேன். முப்பத்தொரு வருஷம் ஊர்க் கோல்ஃப் மைதானத்தில் புல்லைக் கவனித்துக்கொண்டவன் நான். ஒன்பதே குழி உள்ள சின்ன மைதானம். அதில் எந்த மூலையில் எந்தப் புல் எப்போது முகம் வாடும் என்று எனக்குத் தெரியும். என் மனைவி டோரிஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிய அன்று வாசலில் நின்று சொன்னாள்: "ஏழாவது குழிக்கு ஜுரம் வந்தா முழங்கால் போட்டு உட்கார்ந்துடற. எனக்கு ஜுரம் வந்தப்ப மாத்திரை எங்க இருக்குன்னாவது தேடினியா?" இதில் ஒரு சின்னத் தவறு இருக்கிறது. மாத்திரையைத் தேடாமலில்லை. அவளுக்கு ஜுரம் வந்ததே எனக்கு அன்றுதான் தெரியும்.

அதற்குப் பிறகு எனக்கு வாய்த்த துணை பக்கத்து வீட்டு ஐனார், உன் அப்பாதான். உன் அம்மா போன பிறகு ஐனாருக்கு வாய்த்த துணை நான். இரண்டு வீட்டுக்கும் நடுவில் வேலி கிடையாது. இரண்டு பேருக்கும் பேச்சும் அதிகம் கிடையாது. பத்து மணிக்கு அவன் சமையலறையில் காப்பி, மூன்று மணிக்கு என் சமையலறையில். ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்து உன் மகளைப் பியானோ வாசிக்கவைப்பாயே, அப்போது அவன் போனை மேஜைமேல் வைத்துவிட்டு என்னையும் கூப்பிடுவான். இரண்டு கிழவர்களும் ஒரு போனுக்கு மேல் குனிந்து, அடுப்பில் ஏதோ தீய்கிறதா என்று பார்ப்பவர்கள் மாதிரி கேட்டுக்கொண்டிருப்போம்.

"கையில மெட்டு இருக்கு பாரு," என்பான். "நான் போயி பக்கத்துல உட்கார்ந்தா இன்னும் நல்லா வாசிப்பா."

போவதென்று முடிவாகியிருந்தது. தானியக் கிடங்கில் முப்பது வருஷம் தூசு தின்ற நுரையீரலுக்கு அரிசோனாவின் வறண்ட காற்று நல்லது. வீட்டை விற்கவேண்டியதுதான் பாக்கி. மே மாதம் மீன்பிடிப்புத் தொடங்குகிற வாரத்தில் நகரத்துக்காரர்கள் ஏரிக்கரையில் வீடு தேடி வருவார்கள். அவர்கள் கண்ணில் பட்டால் ஒரே வாரத்தில் முடிந்துவிடும்.

இப்போது பனி தள்ளுவதைப் பற்றிச் சொல்லவேண்டும். நீ மறந்திருக்கலாம். எங்கள் ஊரில் பனி விழுந்த காலையில், பக்கத்து வீட்டுக்காரன் எழுந்திருக்கும் முன்பே அவனுடைய வண்டிப்பாதையைச் சுத்தம் செய்துவிடுவோம். அவன் கேட்கக்கூடாது, நாமும் சொல்லிக்காட்டக்கூடாது. அவன் ஜன்னலிலிருந்து கையை உயர்த்துவான், நாம் தலையை ஆட்டுவோம், அவ்வளவுதான் கணக்கு. ஐனாருக்கு மூச்சு வாங்கும் என்பதால் அவன் பாதையை எப்போதும் நான்தான் பார்த்துக்கொள்வேன். என் பனி தள்ளும் இயந்திரத்தின் தலையில் வளைந்த குழாய் ஒன்று உண்டு. அதன் கழுத்தை எந்தப் பக்கம் திருப்புகிறோமோ அந்தப் பக்கம் பனி போய் விழும்.

முதல் குளிர்காலத்தில் அந்தக் கழுத்து உறைந்து, உங்கள் வீட்டு முன்புறம் உன் அம்மா வளர்த்த புல்வெளியைப் பார்த்தபடி நின்றுவிட்டது. சத்தியமாகத் தானாக நின்றதுதான். குளிர்காலம் முழுக்க இரண்டு பாதைப் பனியும் அந்தப் புல்லின் மேல் குவிந்தது. ஆள் உயரத்துக்குப் பனி கிடந்தால் அடியில் நிலம் உறையாது, ஈரமும் கதகதப்புமாக இருக்கும். பூஞ்சைக்கு அதைவிட நல்ல கம்பளி கிடையாது. ஊரெல்லாம் பனி போன பிறகும் அங்கே மட்டும் மூன்று வாரம் கிடந்தது. கடைசியில் அது உருகியபோது, ஈரச் செய்தித்தாளைப் பரப்பிவைத்த மாதிரி இருந்தது புல்.

வீடு விற்றுக்கொடுக்கிற பெவ், படம் எடுக்கக் கேமராவோடு வந்து நின்றாள்.

"இதென்ன ஐனார், புல்லுக்கு வயசாயிடுச்சா?"

ஐனாருக்குக் காது வரைக்கும் சிவந்துவிட்டது.

"பரவாயில்ல விடு," என்றாள் அவள். "ஜூன்ல தானா பச்சையாயிடும். வாங்கறவனுக்குத் தெரியவா போகுது?"

"எனக்குத் தெரியுமே," என்றான் உன் அப்பா. "நோயாளியை இன்னொருத்தன் தலையில கட்டறதில்ல, பெவ். ஒரு குளிர்காலம் நல்லபடியா தாண்டட்டும். அடுத்த வசந்தத்துல புல்லு சுத்தமா எழுந்தா, அன்னிக்கே 'விற்பனைக்கு'ன்னு பலகையை நடு."

அவன் வார்த்தை உனக்குத் தெரியும். ஒரே ஒரு குளிர்காலம் அந்தப் புல் நோயில்லாமல் தாண்டினால் போதும். மறுநாளே ஐனார் டூசானில் இருப்பான்.

பெவ் போனதும் நான் என் கொட்டகையிலிருந்து இரண்டு புல்வாரிகளை எடுத்துவந்தேன். நோய் பட்ட புல்லைத் தேற்றுவதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கால் புதையாத அளவுக்கு நிலம் காயவேண்டும். பிறகு விசிறிப் பல் வைத்த வாரியால், தலைக்குக் குளித்த பெண்குழந்தையின் கூந்தலைச் சிக்கெடுப்பதுபோல மெல்லக் கோதிவிடவேண்டும். ஒட்டிக்கிடக்கிற புல் பிரிந்து காற்றும் வெயிலும் உள்ளே போனால் பூஞ்சை தானாக ஓய்ந்துவிடும். மருந்து வேண்டாம். உரம் போட்டு அவசரப்படுத்தக்கூடாது. வழுக்கை விழுந்த இடத்தில் மட்டும் விதை தூவிவிட்டுக் காத்திருக்கவேண்டும்.

"உன் மைதானத்துலயும் இப்படித்தான் ஒவ்வொண்ணுக்கா தலை வாரிவிடுவியா?" என்று கேட்டான் ஐனார். "ரிப்பன் கட்டுவியா?"

"சந்தா கட்டினவங்களுக்கு மட்டும்."

அவன் சிரிப்பு பாதியில் நின்று, யோசித்து, மறுபடி தொடங்கும். நான்கு நாள் கோதினோம். நடுநடுவே வாளிகளைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து, குடுவையிலிருந்து காப்பி ஊற்றிக்கொண்டு, இஞ்சி பிஸ்கட்டை அதில் தோய்த்துச் சாப்பிட்டோம். ஐனார் அந்த நான்கு நாளில் பேசியது, அதற்கு முந்தின பதினெட்டு வருஷத்தில் பேசியதைவிட அதிகம். உன் அம்மாவை முதன்முதலாக எங்கே பார்த்தான் என்று சொன்னான். டோரிஸைப் பற்றி நானும் ஏதோ சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டு, என் கோப்பையை நிரப்பினான். என் வாழ்க்கையில் இன்ன நாள் நல்ல நாள் என்று யாராவது கேட்டால் அந்த நான்கைத்தான் காட்டுவேன்.

அடுத்த டிசம்பரில் இயந்திரத்தின் கழுத்துக்கு எண்ணெய் விட்டேன். ஐந்து நிமிஷ வேலை. வெண்ணெய்போலத் திரும்பியது. வெளியே தள்ளிக்கொண்டு வந்து, ஒரு நிமிஷம் நின்று, கழுத்தைப் பழைய பக்கமே திருப்பிவைத்தேன். பழகிப்போன இடம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உன் அப்பா ஜன்னலிலிருந்து கையசைத்தான். நான் தலையை ஆட்டினேன்.

இரண்டாவது ஏப்ரலில் நரைப் பாய் இன்னும் அகலமாக இருந்தது. ஐந்து நாள் கோதினோம்.

ஆனால் ஐனார் சும்மா இருக்கிற ஆள் இல்லை. நூலகத்திலிருந்து புத்தகம் எடுத்துவந்தான், என்னையும் துளைத்தெடுத்தான். நானும் மறைக்காமல் சொல்லிக்கொடுத்தேன், தொழில் தர்மம் என்று ஒன்று இருக்கிறதே. குளிருக்கு முன் புல்லைக் குட்டையாக வெட்டு, உதிர்ந்த இலை ஒன்றுகூட இல்லாமல் அள்ளு, செப்டம்பருக்குப் பிறகு உரம் போடாதே, குளிரில் கொழுத்த இளம்புல்தான் பூஞ்சைக்குப் பிடித்த தீனி. மூன்றாவது இலையுதிர்காலத்தில் அவன் எல்லாவற்றையும் பிசகாமல் செய்தான். புல்வெளியைப் பார்த்தபோது எனக்கே பெருமையாக இருந்தது. வசந்தத்தில் கண்ணாடிபோல எழுந்திருக்கும் என்று தோன்றியது. பெவ் பலகையை நடுவாள். இரண்டு வாரத்தில் அந்தச் சமையலறையில் வேறு யாரோ காப்பி போடுவார்கள்.

நவம்பர் முதல் வாரம் அவன் கண் பரிசோதனைக்குப் போயிருந்தான். நான் வெறும் காப்பி டப்பாவில் யூரியாவை எடுத்துக்கொண்டு போய், வீட்டுச் சுவர் ஓரமிருந்து சாலை வரைக்கும் சீராகத் தூவினேன். சீராகத் தூவுவது கையின் பழக்கம், என்னால் அதை மோசமாகச் செய்ய வராது. பிறகு மைதானத்தில் ஏழாவது குழிக்குப் பின்னால், ஸ்ப்ரூஸ் மர நிழலில் வருஷா வருஷம் இளஞ்சிவப்புப் பூஞ்சை வருகிற இடத்திலிருந்து ஒரு சாக்குக் காய்ந்த புல் கொண்டுவந்து உதிர்த்துவிட்டேன். நரைப் பூஞ்சை இலையோடு நின்றுவிடும், வேர் பிழைத்துக்கொள்ளும். இளஞ்சிவப்பு குருத்தையே தின்னும். கோதுவதற்கு அதிக நாள் ஆகும்.

எட்டு நாள் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

ஜனவரியில் உன் அப்பாவை டுலூத்துக்கு, நுரையீரல் டாக்டரிடம் கூட்டிப்போனவன் நான்தான். போனில் உன்னிடம், "ஹார்வி இருக்கான், பயப்படாதே" என்று சொன்னானே, அந்தத் தடவை. நானும் உள்ளே உட்கார்ந்திருந்தேன். டாக்டரம்மா சின்னப் பெண், தெளிவாகப் பேசினாள். ஈர இலை, மட்கின வைக்கோல், பூஞ்சை எதன் பக்கத்திலும் இனிமேல் போகக்கூடாது, அந்தத் தூசு ஒருநாள் நன்றாக உள்ளே போனாலும் இந்த நுரையீரல் தேறாது என்றாள். எழுதியும் கொடுத்தாள்.

திரும்பும்போது ஐனார் அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.

"பூஞ்சையாம்," என்றான். "நல்லவேளை, இந்த வருஷம் நம்ம புல்லுல ஒண்ணும் இருக்காது. எல்லாம் சுத்தமா பண்ணியிருக்கோம்ல?"

"பண்ணியிருக்கோம்," என்றேன்.

சாலை வழுக்கலாக இருந்தது. நான் கவனமாக ஓட்டினேன். அன்றைக்கு எனக்கு உன் அப்பாவின் மேல் எவ்வளவு அக்கறை இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி. மறுநாள் ஆறு அங்குலம் விழுந்தது. விடியும் முன்பே அவன் பாதையைச் சுத்தம் செய்துவிட்டேன்.

ஏப்ரல் பதினேழாம் தேதி கடைசிப் பனி போனது. ஐனார் புல்வெளி ஓரத்தில் ரொம்ப நேரம் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"இது சிவப்பு ஜாதிதானே?" என்றான்.

"ஆமா."

"எங்க தப்பு பண்ணேன்னு தெரியலையே ஹார்வி. எல்லாம் நீ சொன்னபடிதானே பண்ணேன்." தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு சொன்னான்: "நீ மட்டும் பக்கத்துல இல்லன்னா நான் என்னடா பண்ணுவேன்."

இந்த இடத்தில் உனக்கு நம் ஊர் வழக்கம் ஒன்றை ஞாபகப்படுத்தவேண்டும். விருந்தாளியிடம் காப்பி வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்பார். இன்னொரு தடவை கேட்டால் ஐயோ சிரமம் எதற்கு என்பார். மூன்றாவது தடவை கேட்டால், சரி, அரைக் கோப்பை மட்டும் என்று உட்கார்ந்துவிடுவார். எதற்குமே இரண்டு மறுப்பு, மூன்றாவதில் சம்மதம். உன் அப்பா அதில் பிறழ்ந்து நான் பார்த்ததில்லை. உன் அம்மாவே மூன்றாவது தடவை கேட்டுத்தான் அவனைக் கல்யாணம் செய்துகொண்டாளாம், வாளிமேல் உட்கார்ந்து அவனே சொன்னது.

நான் புல்வாரியை எடுத்துக்கொண்டு சொன்னேன்: "நீ உள்ள போய் உட்காரு ஐனார். நான் பார்த்துக்கறேன்."

"நீ என் புல்லை வாருவ, நான் ஜன்னல்ல உட்கார்ந்து வேடிக்கை பார்க்கணுமா? ஊர்ல எவன் பார்த்தாலும் காறித் துப்புவான்."

"டாக்டரம்மா எழுதிக்கூடக் கொடுத்திருக்கா. போய் உட்காருப்பா."

"அந்தப் பொண்ணுக்குப் புல்லைப் பத்தி என்ன தெரியும்? சிரமப்படாதே, கொண்டா அந்த வாரியை."

இரண்டு தடவை சொன்னேன். இரண்டு தடவை மறுத்தான்.

நல்ல வெயில். காற்றில் ஈர மண் வாசனை. என் கையில் இரண்டு வாரிகள் இருந்தன. ஒன்றைக் கொடுத்தேன்.

என் கொட்டகையில் முகக்கவசம் ஒரு பெட்டி நிறைய இருந்தது, மைதானத்தில் மருந்து அடிக்கும்போது போடுகிற தடிப்பான ரகம். மறந்துபோனேன் என்று எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அன்றைக்கு மட்டும் கொட்டகைக்குள் மூன்று தடவை போனேன், வாரிக்கு ஒரு தடவை, வாளிக்கு ஒரு தடவை, குடுவைக்கு ஒரு தடவை. பெட்டி வாரி மாட்டுகிற ஆணிக்குக் கீழேதான் இருந்தது. முகத்தை மூடிவிட்டால் ஐனார் பேசமாட்டான். உன் மகள் புதிதாக என்ன வாசிக்கிறாள் என்று சொல்ல ஆரம்பித்திருந்தான். பேச்சைக் கெடுக்க மனம் வரவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் இருமல் வந்தது. பதினோராம் நாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டான். எட்டு நாள் என்று நான் போட்ட கணக்கில் ஐந்து நாள் பாக்கி. அதை நான் தனியாகவே கோதி முடித்தேன்.

அடக்கத்துக்கு நீ வந்திருந்தாய். தேவாலயத்துப் பெண்கள் ஏழு தட்டு ஹாட்டிஷை அடுப்பிலிருந்து சுடச்சுடக் கொண்டுவந்தார்கள், எல்லாவற்றிலும் கறிக்கு மேல் ஒரே உருளைக்கிழங்கு. பாதிரியார், ஐனாருக்கு இப்படி ஒரு அண்டை வீட்டுக்காரன் வாய்த்தது பாக்கியம், ஒவ்வொரு பனிக்காலையும் அவன் எழும் முன்பே பாதை தயாராக இருந்தது என்றார். எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் தலையை ஆட்டினேன். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

ஆக, உன் கேள்விக்கு இதுதான் பதில். உன் அப்பா டூசானுக்கு வராமல் போனதற்குக் காரணம் நான். அவன் போனதற்கும் நான்தான். மூன்றாவது தடவை உட்காரச் சொல்லியிருந்தால் உட்கார்ந்திருப்பான் என்று தெரிந்தே சொல்லாமல் விட்டேன். அவன் சாகவேண்டும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. இன்னும் ஐந்து நாள் வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

எழுதியதும் மனம் லேசாக இருக்கிறது. அதையெல்லாம் விட்டுவிட்டேன் சோல்வே. யூரியா டப்பாவைக் கழுவி, அதில் ஆணிகளைப் போட்டு வைத்திருக்கிறேன். ஏழாவது குழிப் பக்கம் போவதே இல்லை.

நீ செப்டம்பரில் வந்து, "அப்பா சொன்ன வார்த்தைதான் அங்கிள். ஒரு குளிர்காலம் பார்க்கறேன். புல்லு சுத்தமா எழுந்தா ஏப்ரல்ல வித்துட்டுப் போறேன். அதுவரைக்கும் பொண்ணை அவ அப்பா பார்த்துப்பாரு, நான் இங்கிருந்தே வேலை செஞ்சுக்கறேன்" என்றபோது, எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்படியே ஐனார். பத்து மணிக்கு உன் சமையலறையில் விளக்கு எரிகிறது. மூன்று மணிக்கு நீ என் வீட்டுக் கதவைத் தட்டுகிறாய், காப்பியை இரண்டு தடவை வேண்டாம் என்கிறாய். நேற்று நீ சிரித்தபோது, பாதியில் நின்று மறுபடி தொடங்கியது. அது உனக்கே தெரியுமா?

இந்தக் கடிதத்தை இப்போது கொடுக்கப்போவதில்லை. துக்கத்தை வைத்துக்கொண்டு எங்கள் ஊர்க் குளிர்காலத்தைத் தனியாகக் கழிப்பது கொடுமை. அந்தக் கொடுமையை நான் உனக்குச் செய்யமாட்டேன். ஏப்ரலில், நாம் இரண்டு பேரும் புல்லைக் கோதிவிட்டு வாளிமேல் உட்காருகிற வேளையில் தருகிறேன். முகக்கவசம் நிச்சயம் எடுத்துவைப்பேன்.

வியாழக்கிழமை என்று நான் சொன்னபடியே இன்று காலை பத்து அங்குலம் விழுந்திருக்கிறது. நீ மண்வாரியைத் தேடிக்கொண்டு கீழே வருவதற்குள் உன் பாதையை முடித்துவிட்டேன். நீ ஜன்னலிலிருந்து கையசைத்தாய், நான் தலையை ஆட்டினேன். பனியை எந்தப் பக்கம் தள்ளினேன் என்று நீ பார்க்கவில்லை. உன் அப்பாவும் பார்த்ததில்லை.

வழக்கமான பக்கம்தான்.

அன்புடன்,
ஹார்வி